மருந்து தொடங்கியபின் ஏன் மீண்டும் காய்ச்சல்? காசநோயும் எச்.ஐ.வி. சிகிச்சையும்: வாசகர் கேள்விகள்

காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் ஒரே காலத்தில் மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்குச் சில வாரங்களில் நோய் முற்றுவதுபோலத் தோன்றும் நிலையைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் நோயாளிகளும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும், செவிலியர்களும் இருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருடைய பெயரையும் தவிர்த்திருக்கிறேன். வந்த வரிசையில் அல்லாமல், ஒன்றைப் படித்தால் அடுத்தது விளங்கும் வரிசையில் கேள்விகளை வைத்திருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பதும் காசநோய் இருப்பதும் ஒன்றாகத் தெரியவந்தன. காசநோய் மாத்திரை தொடங்கியதும் காய்ச்சல் நின்றது, நன்றாகச் சாப்பிட்டார், எடையும் சற்று ஏறியது. இரண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரையையும் தொடங்கினார்கள். அதிலிருந்து மூன்றாவது வாரம் காய்ச்சல் திரும்பிவிட்டது. கழுத்தில் நெறி கட்டி நாளுக்கு நாள் பெரிதாகிறது. புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுகிறேன் என்கிறார் அண்ணன். நிறுத்தலாமா, டாக்டர்?

பதில்: அவராக நிறுத்தக் கூடாது. அதே சமயம், வீட்டிலேயே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த தவணை வரை காத்திருக்கவும் கூடாது. மருந்து கொடுக்கும் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. காசநோய் மருந்தால் உடல் தேறிவருகிறது, எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய பின், பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களுக்குள், காய்ச்சல் திரும்புகிறது, நெறி வீங்குகிறது, இருமல் கூடுகிறது, அல்லது நெஞ்சு எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. சிலருக்கு நுரையீரலைச் சுற்றியோ வயிற்றிலோ நீர் கோக்கும். இதை நோயெதிர்ப்பு மீட்சி அழற்சி என்று எழுதுகிறோம். மருத்துவமனையில் சுருக்கமாக ஐரிஸ் என்பார்கள். பலருக்கும் வீரியமான எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் கிடைக்கத் தொடங்கிய 1990-களின் பிற்பகுதியிலேயே இது கவனிக்கப்பட்டது. எதை ஐரிஸ் என்று கொள்வது என்பதற்கான பொது வரையறையைப் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2008-ல் வெளியிட்டார்கள்; எச்.ஐ.வி. மருந்து தொடங்கி மூன்று மாதத்துக்குள் வருவதையே அந்த வரையறை கணக்கில் கொள்கிறது.

அண்ணனுடைய சந்தேகத்தில் ஒரு பாதி சரி. எச்.ஐ.வி. மருந்து தொடங்கியிராவிட்டால் இந்தக் காய்ச்சல் இப்போது வந்திருக்காது. ஆனால் அந்த மருந்து அவர் உடலுக்கு நஞ்சாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வைரஸ் அடங்கியதால் அவருடைய நோயெதிர்ப்புச் செல்கள் செயல்படத் தொடங்கியிருக்கின்றன; உடலில் ஏற்கெனவே இருக்கும் காசநோய்க் கிருமிகளையும் செத்த கிருமிகளின் எச்சங்களையும் கண்டு அவை பாய்கின்றன. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும், எதிர்ப்புச் செல்கள் மறுபடி குறையும், விட்டுவிட்டு மருந்து எடுத்தால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. பின்னொரு நாள் மருந்தைத் திரும்பத் தொடங்கும்போது இதே அழற்சி மறுபடியும் வரலாம். உயிருக்கே ஆபத்தான அளவுக்கு அழற்சி முற்றிய மிகச் சிலருக்கு மட்டுமே மருத்துவர்கள் எச்.ஐ.வி. மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துகிறார்கள். அது மருத்துவமனையில், மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

உடனே பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இது ஐரிஸ்தான் என்று கடிதத்தைப் படித்து உறுதி சொல்ல முடியாது என்பதுதான். அதைப் பற்றிக் கீழே ஒரு செவிலியர் கேட்டிருக்கும் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: நோயெதிர்ப்புச் சக்தி கூடினால் நோய் குறையத்தானே வேண்டும்? கூடும்போது ஏன் உடம்பு கெடுகிறது? உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்க முடியுமா?

பதில்: இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் விருப்பமான கேள்வி இதுதான். சற்று நீளமாகவே பதில் சொல்ல அனுமதியுங்கள்.

காசநோயில் நாம் காணும் அறிகுறிகளில் பெரும்பகுதி கிருமி நேரடியாகச் செய்வதல்ல. காய்ச்சல், வீக்கம், நுரையீரல் திசு கரைந்து குழிவிழுவது ஆகியவை பெரும்பாலும் கிருமியோடு நம் உடல் நடத்தும் போராட்டத்தின் விளைவுகள். கிருமி உடலுக்குள் நுழைந்ததும் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய கிருமியைக் கொல்லும் வலிமை அவற்றுக்குத் தானாக முழுமையாக வருவதில்லை, சி.டி.4 வகை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிச் செய்திகளை அனுப்பி அவற்றைத் தூண்ட வேண்டும். எச்.ஐ.வி. அழிப்பது அந்த சி.டி.4 செல்களைத்தான்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சி.டி.4 செல்களின் எண்ணிக்கை ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் 500-க்கு மேல் இருக்கும். அது 50-க்கும் கீழே போன ஒருவரின் உடலில் கிருமியைச் சுற்றி வளைத்து அடைக்கும் திசு முடிச்சுகள் ஒழுங்காக உருவாவதில்லை. கிருமிகள் ஏராளமாகப் பெருகி, நுரையீரலோடு நிற்காமல் நிணநீர் முடிச்சு, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகின்றன. இவ்வளவு இருந்தும் அழற்சி குறைவாக இருப்பதால் எக்ஸ்ரே சில சமயம் இயல்பாகவே தெரியும். அந்த அமைதியை நலம் என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்க்க ஆள் இல்லாததால் வந்த அமைதி அது.

இந்த நிலையில் எச்.ஐ.வி. மருந்து தொடங்குகிறது. ரத்தத்தில் வைரஸின் அளவு முதல் சில வாரங்களிலேயே மிக வேகமாகச் சரிகிறது. அதோடு, நிணநீர்த் திசுக்களில் சிக்கிக் கிடந்த நினைவு சி.டி.4 செல்கள், அதாவது முன்பே ஏதோவொரு கிருமியைச் சந்தித்து அடையாளம் வைத்திருக்கும் செல்கள், ரத்தத்துக்குத் திரும்புகின்றன. புத்தம் புதிய செல்கள் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில்தான் உருவாகும். முதலில் வருபவை இந்தப் பழைய செல்களே. அவற்றில் காசநோய்க் கிருமியை அறிந்தவையும் உண்டு. தேடிப் போகும் இடமெல்லாம் கிருமிகளும் கிருமிச் சிதைவுகளும் குவிந்து கிடக்கும்போது எதிர்வினை கட்டுக்கடங்காமல் போகிறது.

முதலில் ஆய்வாளர்கள் இதோடு விளக்கம் முடிந்தது என்று நினைத்தார்கள். ஐரிஸ் வந்தவர்களின் ரத்தத்தில் காசநோய்ப் புரதங்களுக்கு எதிராக இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும் செல்கள் திடீரென்று பன்மடங்காகப் பெருகுவதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். ஆனால் பிறகு நடந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைச் சிக்கலாக்கின. அதே பெருக்கம் ஐரிஸ் வராத சிலரிடமும் இருந்தது. ஐரிஸ் வந்த சிலரிடம் அது இல்லை. எனவே டி செல்களை மட்டும் குற்றம் சொல்வது போதாது என்பது தெளிவாயிற்று. மோனோசைட், நியூட்ரோஃபில் ஆகிய முதல்நிலைத் தற்காப்புச் செல்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவை சுரக்கும் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-18, டி.என்.எஃப். போன்ற பொருள்கள் ஐரிஸ் வந்தவர்களிடம் மிக அதிகமாக இருக்கின்றன. திசுவையே கரைக்கும் மெட்டல்லோபுரோட்டினேஸ் நொதிகளும் கூடுகின்றன.

இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு கருத்து எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. டி செல்களின் உதவி கிடைக்காத காலம் முழுவதும் விழுங்கு செல்கள் கிருமிகளை நிறைத்துக்கொண்டு, வினையாற்ற ஆயத்தமாக, ஆனால் ஆணை வராமல் நிற்கின்றன. டி செல்கள் திரும்பி வந்து தூண்டியதும் தேவைக்கு மிஞ்சி வினையாற்றுகின்றன. டி செல்களே இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி ஒன்றைத் தொற்றவைத்து, பிறகு சி.டி.4 செல்களைச் செலுத்திய சோதனையில் அந்த எலிகள் தேறுவதற்குப் பதிலாக நோயுற்று மெலிந்தது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இப்போது யாருக்கு இது அதிகம் வரும் என்பது தானே விளங்கும். சி.டி.4 மிகக் குறைவாக, குறிப்பாக 100-க்குக் கீழே இருப்பவர்கள். காசநோய் உடலெங்கும் பரவியவர்கள். காசநோய் மருந்து தொடங்கிச் சில நாள்களிலேயே, அதாவது கிருமிச் சுமை குறையும் முன்பே, எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கியவர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு சிகிச்சையும் எடுப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஐரிஸ் வருகிறது. அதனால் உயிரிழப்பவர்கள், மூளையில் காசநோய் உள்ளவர்களைத் தவிர்த்துப் பார்த்தால், மிகக் குறைவு.

கேள்வி: அப்படியானால் ஆறு மாதக் காசநோய் சிகிச்சையை முழுதாக முடித்துவிட்டு எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடங்கினால் இந்தத் தொல்லையே இருக்காதே? ஏன் அவசரப்படுகிறார்கள்?

பதில்: தர்க்கப்படி நீங்கள் சொல்வது சரி. ஒரு காலத்தில் மருத்துவர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். அந்த வழக்கம் மாறியதற்குக் காரணம், காத்திருந்தவர்கள் காத்திருக்கும்போதே இறந்தார்கள் என்பதுதான். ஐரிஸ் நோயாளியைப் படுத்துகிறது, ஆனால் சி.டி.4 தரைமட்டமாக இருக்கும் நிலையில் எச்.ஐ.வி.யை விட்டுவைப்பது அவரைக் கொல்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த சாப்பிட் என்ற ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 642 நோயாளிகளில், காசநோய் சிகிச்சை நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்தும் பெற்றவர்களிடையே இறப்பு விகிதம், காசநோய் சிகிச்சை முடியும் வரை காத்திருந்தவர்களைவிட 56 சதவீதம் குறைவாக இருந்தது. சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதோடு முடிவாயிற்று. காசநோய் மருந்து தொடங்கி எத்தனை வாரத்தில் சேர்ப்பது என்பது மட்டும் மிச்சமிருந்தது.

அதற்கு மிகத் தெளிவான விடை 2011-ல் கம்போடியாவிலிருந்து வந்தது. கமீலியா என்ற அந்த ஆய்வில் 661 பேர் பங்கேற்றார்கள், அவர்களுடைய சி.டி.4 எண்ணிக்கையின் நடுமதிப்பு வெறும் 25. இரண்டாவது வாரத்தில் எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களில் 18 சதவீதம் பேரும், எட்டாவது வாரத்தில் தொடங்கியவர்களில் 27 சதவீதம் பேரும் இறந்தார்கள். கவனியுங்கள்: முன்கூட்டித் தொடங்கியவர்களிடம்தான் ஐரிஸ் அதிகம் வந்தது, ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஐரிஸ் கூடியும் இறப்பு குறைந்தது. இந்த ஒரு முடிவை நான் எத்தனை நோயாளிகளுக்கு வேண்டுமானாலும் பொறுமையாக எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் காய்ச்சலைக் கண்டு பயந்து மருந்தை விடுபவருக்கு இதைவிட வலுவான பதில் என்னிடம் இல்லை.

பல நாடுகளில் நடந்து அதே 2011-ல் வெளிவந்த ஸ்ட்ரைட் என்ற ஆய்வு, சி.டி.4 50-க்கு மேல் இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கும் எட்டுப் பன்னிரண்டு வாரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றும், 50-க்குக் கீழே இருந்தவர்களுக்கு முன்கூட்டித் தொடங்குவதே நல்லது என்றும் காட்டியது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம், சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கப் பரிந்துரைக்கிறது. மூளைக் காசநோய் இதற்கு விதிவிலக்கு. அதற்கும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: ஐரிஸ் வந்தவரிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் தொற்றுமா? தட்டு, தம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: தட்டு, தம்ளர் வழியாகக் காசநோய் எந்த நிலையிலும் பரவுவதில்லை, காற்று வழியாகவே பரவுகிறது. நெறி வீங்குவதாலோ காய்ச்சல் திரும்புவதாலோ தொற்றும் திறன் கூடுவதில்லை. சரியான மருந்தைத் தவறாமல் எடுத்துவருபவரைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. இருமல் புதிதாகத் தொடங்கினாலோ கூடினாலோ மட்டும், சளிப் பரிசோதனை முடிவு வரும் வரை முகக்கவசம் அணிவதும் சன்னல்களைத் திறந்து வைப்பதும் நல்லது.

கேள்வி: என் மனைவிக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கும்போது காசநோய் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆறாவது வாரம் கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். இப்போது காசநோய் என்கிறார்கள். மருந்துதான் காசநோயைக் கொண்டுவந்ததா? முதலில் பரிசோதித்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்களா?

பதில்: மருந்து காசநோயைக் கொண்டுவர முடியாது, அதற்குக் கிருமி வேண்டும். உங்கள் மனைவியின் உடலில் அது நீறு பூத்த நெருப்பாக முன்பே இருந்திருக்க வேண்டும். எதிர்ப்புச் செல்கள் திரும்பியதும் அழற்சி கிளம்பி, மறைந்திருந்த நோயை வெளிப்படுத்திவிட்டது. முதல் கேள்வியில் பார்த்தது, தெரிந்த காசநோய் மோசமாவதுபோலத் தோன்றும் வகை. இது, தெரியாத காசநோய் வெளிப்படும் வகை. சில சமயம் பாக்டீரிய நிமோனியா என்று எண்ணும் அளவுக்கு வேகமாக வரும். சிகிச்சை முறை நேரானது: காசநோய் மருந்தை உடனே தொடங்கி, எச்.ஐ.வி. மருந்தையும் தொடர்வது.

கவனக்குறைவு என்று சொல்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சி.டி.4 குறைந்தவர்களிடம் காசநோயைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம். சளியில் கிருமி குறைவாக இருக்கும், எக்ஸ்ரே ஏமாற்றும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையும் எதிர்ப்புச் செல்கள் இல்லாததால் பொய்யாக எதிர்மறை காட்டும். அதனால்தான் எச்.ஐ.வி. மருந்து தொடங்கும் முன் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்டறிகிறார்கள். ஒன்று இருந்தாலும் சளியில் மரபணுப் பரிசோதனையும், நோய் முற்றியவர்களுக்கு எல்.ஏ.எம். என்ற காசநோய்க் கிருமிப் பொருளைத் தேடும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதை மருத்துவமனைகள் இன்னும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: சளி வராதவர்கள்கூடச் சிறுநீர் கொடுத்துவிட முடியும். காசநோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு ஐசோநயாசிட் போன்ற தடுப்பு மருந்தும் தர வேண்டும், எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களிடமும் அது காசநோயைக் கணிசமாகக் குறைக்கிறது.

கேள்வி: நான் செவிலியர். இது ஐரிஸ்தான் என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை ஏதும் உண்டா? சில சமயம் எல்லாவற்றையும் ஐரிஸ் என்று சொல்லிவிடுகிறார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது; இதை எழுதியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஐரிஸை உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் கூடியிருக்கும், ஆனால் அது எந்தத் தொற்றிலும் கூடும். சி.டி.4 உயர்ந்திருந்தால் துணைச் சான்று. உயராமலும் ஐரிஸ் வரலாம், ஏனென்றால் ரத்தத்தில் எண்ணுவது திசுக்களில் நடப்பதை அப்படியே காட்டுவதில்லை. எனவே மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் ஐரிஸ் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

விலக்க வேண்டியவற்றில் தலையாயது மருந்துக்கு அடங்காத காசநோய். கேப் டவுனில் நடந்த ஓர் ஆய்வில், ஐரிஸ் என்று கருதப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதுவரை யாருக்கும் தெரியாமல், ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்கு அடங்காத காசநோய் இருந்தது. அவர்களுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைக் கொடுத்து ஐரிஸ் என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே சளியோ, நெறியிலிருந்து ஊசியால் எடுத்த சீழோ கிடைத்தால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் மரபணுப் பரிசோதனைக்கும், கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பாமல் இருக்கக் கூடாது.

அடுத்து, நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்குகிறாரா, விழுங்கியதும் வாந்தி எடுக்கிறாரா, வயிற்றுப்போக்கில் போய்விடுகிறதா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு மருத்துவரிடம் சொல்லாத பதிலை நோயாளி பல நேரம் செவிலியரிடம் சொல்வார். மருந்து ஒவ்வாமைக் காய்ச்சல், பாக்டீரியத் தொற்று, பூஞ்சைத் தொற்று, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று ஆகியவையும் இதே வேடத்தில் வரும். கல்லீரல் பாதிப்பு வந்தால் குழப்பம் இன்னும் கூடும்: காசநோய் மருந்தும் கல்லீரலைக் கெடுக்கும், ஐரிஸும் கல்லீரலை வீங்கச் செய்யும். வலியோடு கல்லீரல் பெருத்து, ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகளில் ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸும் ஜி.ஜி.டி.யும் மேலோங்கி இருந்தால் ஐரிஸ் பக்கம் சாயலாம், ஏ.எல்.டி. பெரிதும் ஏறியிருந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

கேள்வி: எனக்கு ஐரிஸ் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு, அதை மேலும் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது சரியா?

பதில்: இந்த அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்தது. அதனால்தான் முறையான ஆய்வு செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 110 ஐரிஸ் நோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவமனையில் இருந்த நாள்கள் குறைந்தன. அறிகுறிகளும் விரைவில் தணிந்தன. இரண்டு வாரம் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரம் அதில் பாதி என்பது அங்கே கையாண்ட அளவு. ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியலாம்.

பிறகு அதே நாட்டில், கயலிட்சாவில், ஐரிஸ் வரும் முன்பே தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். சி.டி.4 100-க்கு மேற்படாத 240 பேரில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்து பிரெட்னிசோனும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.7 சதவீதம் பேருக்கும், பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 32.5 சதவீதம் பேருக்கும் ஐரிஸ் வந்தது. கடுமையான தொற்றுகளோ புற்றுநோயோ ஸ்டீராய்டால் கூடவில்லை. 2018-ல் வெளிவந்த இந்த முடிவு உங்கள் கவலைக்கு நேரடியான ஆறுதல்.

ஆனால் அந்த ஆய்வுகளில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கபோசி சார்கோமா என்ற தோல் மற்றும் உள்ளுறுப்புப் புற்று உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு அதைப் பெருக்கும். அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மருந்துக்கு அடங்காத காசநோயை விலக்காமல் கொடுப்பதும் ஆபத்து. நீரிழிவு, ஹெபடைடிஸ் பி, குடற்புழுத் தொற்று இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். லேசான ஐரிஸுக்கு ஸ்டீராய்டே தேவைப்படாது. சாதாரண வலி நிவாரணி, அழற்சி குறைக்கும் மாத்திரை ஆகியவற்றோடு தானே அடங்கும். கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாமல், சொன்னபடி படிப்படியாகக் குறையுங்கள். குறைக்கும்போது காய்ச்சல் திரும்பினால் தெரிவியுங்கள். சிலருக்கு நான்கு வாரம் போதாது.

கேள்வி: டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து வைரஸை மிக வேகமாகக் குறைக்கிறதாமே. அதனால் ஐரிஸ் அதிகமாகுமா?

பதில்: அப்படி எதிர்பார்த்தார்கள், ஆனால் அந்த வகை மருந்துகளைச் சேர்த்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ஐரிஸ் கூடவில்லை. ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமைத் தினம் ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு மூளையில் காசநோய். எச்.ஐ.வி. மருந்தை வேண்டுமென்றே தள்ளிவைத்திருக்கிறார்கள். மேலே நீங்கள் சொல்லும் இரண்டு வாரக் கணக்கு அவனுக்கு ஏன் பொருந்தாது?

பதில்: கழுத்தில் நெறி வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டை ஓட்டுக்குள் அப்படி இடம் கிடையாது. சிறிய வீக்கமும் அழுத்தத்தைக் கூட்டி வலிப்பு, நினைவிழப்பு, கைகால் செயலிழப்பு, மரணம் வரை கொண்டுபோகும். வியட்நாமில் மூளை உறைக் காசநோய் உள்ள 253 பேரிடம் நடந்த ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்கியவர்களும் இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இறந்தார்கள்; இரு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்பது மாதத்துக்குள் இறந்துபோனது நெஞ்சை வருத்தும் செய்தி. உடனே தொடங்கியவர்களிடம் மிகக் கடுமையான பக்கவிளைவுகள் அதிகமாக இருந்தன. அதனால்தான் மூளை உறைக் காசநோயில் நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்துத் தொடங்கச் சொல்கிறார்கள். தம்பியின் மருத்துவர்கள் செய்திருப்பது சரியான முடிவு. பின்னர் மருந்து தொடங்கிய வாரங்களில் தலைவலி கூடினாலோ, வாந்தி, வலிப்பு, பேச்சில் குழப்பம், பார்வை மங்கல் ஏதேனும் வந்தாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நான்கு மாதக் குழந்தைக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கியபின், பிறந்தபோது பி.சி.ஜி. போட்ட கையின் அக்குளில் கட்டி வந்திருக்கிறது. இதுவும் அதே வகையா?

பதில்: இருக்கலாம். பி.சி.ஜி. என்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமி. மீண்டெழும் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டு வினையாற்றும்போது ஊசி போட்ட இடத்திலும் அதே பக்க அக்குளிலும் வீக்கம் வரும். பெரும்பாலும் குழந்தை நன்றாகவே இருக்கும், எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தத் தேவையில்லை. குழந்தை பால் குடிக்காமலோ எடை கூடாமலோ காய்ச்சலோடோ இருந்தால் வேறு காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். எனவே குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது. எடை ஏறிவிட்டது, வேலைக்கும் போகிறேன். ஆனால் ஐரிஸில் வந்த கழுத்துக் கட்டி இன்னும் கரையவில்லை. மருந்தை நீட்டிக்க வேண்டுமா? கீறி எடுத்துவிடலாமா?

பதில்: ஐரிஸ் சராசரியாக இரண்டு மூன்று மாதங்களில் அடங்கும் என்றாலும், நிணநீர்க் கட்டிகள் அந்தக் கணக்குக்கு உட்படுவதில்லை, சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் நிற்கும். எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகளிடமும் இப்படி நடப்பது உண்டு. கட்டி இருப்பதாலேயே உள்ளே உயிருள்ள கிருமி இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

கட்டியில் சீழ் இருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது வலியையும் குறைக்கும், பரிசோதனைக்கும் உதவும். தேவைப்பட்டால் திரும்பவும் எடுக்கலாம். கத்தியால் கீறினால் ஆறாமல் நாள்பட்டு ஒழுகும் புண்ணாக மாறக்கூடும், ஆகவே அதைத் தவிர்ப்பது நல்லது. எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி தெரிகிறது என்றாலோ, மரபணுப் பரிசோதனை கிருமி உண்டு என்று காட்டினாலோ பதற வேண்டாம். செத்த கிருமிகளும் அப்படித் தெரியும். கல்ச்சரில் கிருமி வளர்கிறதா என்பதே முடிவான சான்று. வளரவில்லை, நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்றால் காசநோய் மருந்தை நீட்டிக்கத் தேவையில்லை. வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சிகிச்சையை மாற்றி அமைப்பார்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம்வரை ஆகலாம். அதுவரை எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கட்டி மறுபடி பெருக்கத் தொடங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை இறங்கினாலோ முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.